சோப்புக்கு வேர்த்தபோது

மஜீது பாய் பொய் சொல்கிறவர் அல்ல. உண்மைக்குக் கொஞ்சம் கறியும் சோறும் போட்டு சதைபிடிக்க வைப்பவர், அவ்வளவுதான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லும் கதைகளில் கப்பல்கள் வருஷா வருஷம் நீளமாகிக்கொண்டே போயின. போன ரம்ஜானுக்குச் சொன்னபோது மூக்கு ராயபுரத்திலும் வால் திருவொற்றியூரிலும் இருந்த அதே கப்பல், இந்த ரம்ஜானில் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாய்தான் அவரை மாட்டிவிட்டது.

மகள் நவ்ரீனுக்கும் வண்ணாரப்பேட்டை ஃபர்ஹானுக்கும் பேசி முடித்த அன்று, பிரியாணி எல்லாம் ஆகி, கை கழுவி, பீடா மெல்லுகிற நேரம். ஃபர்ஹானின் பெரியம்மா ரூஹி, தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். அவர் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் டீகூடக் கொதிக்காது என்று பெயர். அவர்தான் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குப் பையில் என்ன போட்டுக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். மஜீது பாயின் மனைவி ஜெரினா, எவர்சில்வர் டப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் திறப்பதற்குள் மஜீது பாய் முந்திக்கொண்டார்.

"சோப்பு, சம்பந்திம்மா. கடைச் சோப்பு இல்ல. என் கையால செஞ்ச சோப்பு. வர்ற ஜனம் மொத்தத்துக்கும்."

அதுவரைக்கும் அவர் வாழ்க்கையில் சோப்பு செய்தது ஒரே ஒரு தடவை, செல்போனில் வீடியோ பார்த்து. அதில் பாதியைக் காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். ரூஹி பீடாவை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் தானே வந்து பார்ப்பதாகவும், நன்றாக இருந்தால் சோப்பு, இல்லையென்றால் டப்பா என்றும் தீர்ப்பு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வீட்டுக்குள் ஜெரினா தனியாக ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். "டப்பான்னு ஆச்சுன்னா, அதோட உன் சோப்புக் கடைய மூட்டை கட்டிடணும். அப்புறம் எவன் இன்னா கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. நான்தான் பேசுவேன். சரின்னு சொல்லு."

சரி என்றுதான் சொன்னார். துறைமுகத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மலை அளவு மூட்டை எழுந்து நடக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாற்காலியை இப்படித் திருப்பிப் போடு என்றாலும் எதுக்கு என்று கேட்கிறார்கள். இப்போது சபையில் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார். அது சோப்பு நுரையாகக் கரைந்துவிட்டால், மகள் கல்யாணத்திலேயே அவர் வாயில்லாப் பூச்சி.

மறுநாளே வேலை ஆரம்பமானது. வண்ணாரப்பேட்டை எண்ணெய் மண்டியில் சங்கரநாராயணன் அண்ணாச்சியிடம் தேங்காயெண்ணெய் டின்கள் வாங்கி வந்தார். எதற்கு இவ்வளவு என்று அண்ணாச்சி கேட்டதற்கு, வங்காள விரிகுடாவையே நுரைக்க வைக்கப்போகிறேன் என்று பதில் சொன்னார். மொட்டைமாடியில், காற்று அடிக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியும் முழங்கை வரைக்கும் கையுறையும் மாட்டி, தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தார். எதிர் வீட்டு ஜனங்கள் ராக்கெட் விடுகிறார் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எண்ணெயும் காஸ்டிக்கும் கலந்து பாயசப் பதம் வந்ததும் மரப்பெட்டிகளில் ஊற்றி, போர்வை சுற்றி வைத்து, இறுகினதும் கம்பியால் துண்டு போட்டார். கேக் மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது. அந்த வெண்மையில் கண் கூசி மேலே போன விமானம் மீனம்பாக்கத்துக்கு வழி தவறியது என்பது அவர் வாக்கு.

சோப்பைச் செய்வது ஒரு காலை வேலை. அதைச் சும்மா வைத்திருப்பதுதான் மாசக்கணக்கான வேலை என்பது ஜெரினாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. புதுச் சோப்பு ஈரமாக, மெத்தென்று இருக்கும். வாரக்கணக்கில் காற்றாட வைத்தால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் போய், கல் மாதிரி ஆகி, குளிக்கும்போது கரைந்து ஓடாமல் நிற்கும். அதற்கு வெயில் படக் கூடாது, காற்று வேண்டும். இரும்பு படக் கூடாது, பட்டால் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழும். ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை தோசை மாதிரி திருப்பிப் போட வேண்டும்.

இத்தனை மரியாதைக்கும் தகுந்த இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர்கள் படுக்கை அறை. கட்டில் பிரித்து நிறுத்தப்பட்டது. மரச்சட்டங்களால் தட்டுத் தட்டாக அடுக்கு எழும்பியது. பழுப்புக் காகிதம் விரித்து, சோப்புகள் வரிசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தன. ஜெரினாவும் மஜீதும் கூடத்தில் பாய் போட்டார்கள்.

சட்டதிட்டங்கள் அத்தோடு நிற்கவில்லை. சோப்பு பக்கத்தில் இருக்கிற வாசனையைக் குடித்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் அறைக் கதவு சாத்தப்பட்டது. அவருடைய தோஸ்து பெனிட்டோ, காசிமேட்டுக்காரர், துறைமுகத்தில் கூடவே வேலை பார்த்தவர், எப்போது வந்தாலும் கையில் கருவாட்டுப் பொட்டலம் இருக்கும். அவரை வாசலிலேயே நிறுத்தி, பொட்டலத்தை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுச் சட்டையை உதறிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

"இன்னா மாமு, சோப்புக்குப் பிரசவமா ஆயிருக்குது? எட்டிப் பாக்கக்கூட வுடமாட்டேன்ற" என்றார் பெனிட்டோ.

"நெத்திலி வாசனையில கல்யாணச் சோப்பு குடுத்தா என் பொண்ணு கதி இன்னாடா?" என்றார் மஜீது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சோப்புகள் நாளுக்கு நாள் இறுகின. மஜீது பாய் காலையில் எழுந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுவார். முதலில் 'பொத்' என்றது. அப்புறம் 'தொக்' என்றது. 'டக்' என்று சொல்கிற நாளுக்காகக் காத்திருந்தார். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து ஒவ்வொரு சோப்பையும் தடவிவிட்டுப் போனது.

அப்போது மழை வந்தது.

ஒரு மத்தியானம் துறைமுகத்துக்கு மேலே வானம் அடுப்புக்கரி மாதிரி கறுத்தது. முதல் சொட்டு ஜன்னல் கம்பியில் விழுந்த அந்த நொடியில், மஜீது பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்த ஃபோர்மேன் பட்டென்று எழுந்தான். மழை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஹாட்ச்சை மூடு. கப்பலின் வயிற்றைத் திறந்து வைத்துச் சரக்கு எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு துளி விழுந்தாலும் விசில் அடித்து, மூடியை இழுத்து, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டினால்தான் மூச்சு விடலாம். இத்தனை வருஷப் பழக்கம் எலும்பில் ஊறிக் கிடந்தது. ஜன்னலைச் சாத்தினார். ஃபேன் ஈரக்காற்றை அள்ளி வீசுமே என்று அதையும் நிறுத்தினார். பரண்மேல் இருந்த நீலத் தார்ப்பாயை இறக்கி அடுக்கு மொத்தத்தையும் போர்த்தி, ஓரங்களைச் செருகி, சுற்றிக் கயிறு இழுத்து, துறைமுகமே மெச்சும்படி முடிச்சுப் போட்டார். கதவையும் சாத்திவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து, இனி நோவா காலத்து வெள்ளம் வந்தாலும் சோப்பு மிதந்து கரைசேரும் என்று ஜெரினாவிடம் அறிவித்தார்.

மழை விடவில்லை. ஒரு நாள், இன்னொரு நாள், அப்புறமும். தெருவில் முழங்கால் தண்ணீர். அவரோ தார்ப்பாயைத் திறந்தால் ஈரம் புகுந்துவிடும் என்று கதவுப் பக்கமே போகவில்லை, யாரையும் போக விடவும் இல்லை. மழை சற்று ஓய்ந்த காலையில் பெருமையாக முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினார்.

சோப்புகளுக்கு வேர்த்திருந்தது.

சும்மா வேர்வை இல்லை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் முத்து முத்தாக, குஸ்தி போட்டுவிட்டு வந்த பயில்வான்கள் மாதிரி நின்றன. அடியில் காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தட்டிப் பார்த்தார். 'டக்' எங்கே, 'தொக்' எங்கே? மறுபடியும் 'பொத்'. விரல் முட்டி பதிந்த குழிகூடத் தெரிந்தது.

நவ்ரீன் வாசலில் நின்று பார்த்தாள். மாத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சிரிப்பதா அழுவதா என்று முடிவு பண்ணாத முகம். ரூஹி பெரியம்மா வருகிற நாள் அதிக தூரத்தில் இல்லை என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள். ஜெரினா போனை எடுத்து, டப்பாக் கடைக்காரரிடம் எத்தனை நாளில் பேர் வெட்டித் தருவீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். மஜீது பாய்க்கு அந்தக் குரல் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது.

அன்று சாயங்காலம் பெனிட்டோ, முழங்கால் வரைக்கும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். தார்ப்பாயைப் பார்த்தார். முடிச்சுகளைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் காசிமேட்டில் நின்ற படகுகள் ஆடின என்று கேள்வி.

"டேய் மாமு, நம்ம அரிசிக் கப்பல் மறந்துட்டியா? மழைக்கு மூடி மூடி வச்சு, உள்ள மூட்டைக்கு வேர்த்து, பூஞ்சை பூத்துகினு வந்துச்சே. அப்ப அந்த ஆபீசரை யாரு கிழிச்சது? சரக்குக்கு மூச்சு வேணும்யா, மழை நின்னவுடனே தொறக்கத் தெரியாதா உனக்குன்னு பத்து பேரு முன்னாடி கத்துனது நீதானே?"

மஜீது பாய் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர்தான். அவரேதான். மூட்டைகளுக்கு நடுவே கட்டைகளை வைத்துக் காற்றுக்குச் சந்து விட வேண்டும் என்று எத்தனை பேரை விரட்டியிருப்பார். மூடுவது பாதி வேலை, திறப்பது மீதி வேலை. மூடுகிற பாதி கைக்கு ஞாபகம் இருந்தது. திறக்கிற பாதியை ரிடையர்மென்ட் சால்வையோடு அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஆனால் எந்தச் சரக்கும் வேர்த்ததோடு போய்விடுவதில்லை. அது அவருக்குத் தெரியும். உட்கார்ந்திருந்த மனுஷன் துள்ளி எழுந்தார். நனைந்த காகிதம் எல்லாம் போனது. சட்டங்களுக்கு மேல் மெல்லிய குச்சிகளைக் குறுக்கே வைத்து, அதன்மேல் சோப்புகளை விரல் இடைவெளி விட்டு நிறுத்தினார்கள், நான்கு பக்கமும் காற்றுப் போக. வேர்வையைத் துடைக்கக் கூடாது, தானாகக் காயட்டும் என்று சொல்லிப் பெனிட்டோவின் கையைத் தட்டிவிட்டார். வெளியில் காற்றே ஈரத்துணி மாதிரி தொங்குகிறதே, ஜன்னலைத் திறந்து என்ன பிரயோஜனம் என்று யோசித்தபோதுதான் அவர் கண் மேலே போனது. நவ்ரீன் முதல் சம்பளத்தில் மாட்டிக் கொடுத்த ஏ.சி.

அன்றிலிருந்து ராயபுரத்திலேயே குளுகுளுவென்று வாழ்ந்தவை அந்தச் சோப்புகள்தான். அவற்றுக்கு ஏ.சி., அதற்கு மேல் காற்றைச் சுற்றிவிட ஒரு ஃபேன். மனிதர்கள் கூடத்தில் புழுங்கிச் செத்தார்கள். கல்யாண வேலை விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் விசிறியால் விசிறிக்கொண்டே, உள்ளே ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்கிறதே, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள். நவ்ரீன், சோப்பு தூங்குது என்றாள். ஒருவர் பயபக்தியோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

'பொத்', 'தொக்' ஆனது. 'தொக்'குக்கும் 'டக்'குக்கும் நடுவே ஒரு சத்தம் வந்து சில நாள் படுத்தியது. ஜெரினா டப்பாக்காரரைக் கிடப்பில் போட்டு வைத்திருந்தாள், விடவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் மஜீது இல்லாத நேரத்தில் அவளே அறைக்குள் போய் ஒன்றைத் தட்டிப் பார்த்ததை நவ்ரீன் கண்டுபிடித்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

ரூஹி வருகிற நாள் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் வருவதாகப் போன் வந்தது. காலையில் மஜீது பாய் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவாமல் அறைக்குள் போனார். ஒன்றைத் தட்டினார்.

'டக்.'

இன்னொன்று. 'டக்.' கீழ்த் தட்டில் ஒன்று. 'டக்.' அவருக்கு ஒரு குட்டிக்கரணம் போடலாம் போல இருந்தது, இடுப்பு வேண்டாம் என்றது. ஆனாலும் ஒரு பயம் மிச்சம். வெளியே இறுகியிருக்கிறது, உள்ளே காஸ்டிக் எண்ணெயோடு முழுசாகச் சேர்ந்ததா? மொட்டைமாடியில் ஒரு பெட்டிக்குக் காஸ்டிக் எடை போடும்போது பெனிட்டோ பேசிக்கொண்டே இருந்தாரே, கை தவறியிருந்தால்? கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையெல்லாம் எரிந்தால்? அதற்கு ஒரே பரீட்சைதான். சோப்பை நாக்கு நுனியில் லேசாக வைக்க வேண்டும். பேட்டரியை வைத்த மாதிரி சுரீர் என்றால் காஸ்டிக் இன்னும் விழித்திருக்கிறது. சோப்பு ருசி மட்டும்தான் என்றால் பயமில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஓரச் சோப்பை மட்டும் எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, பத்து எண்ணி, துப்பி, வாயைக் கொப்பளித்து, அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்த ஏ.சி. சத்தத்தில், கீழே ஆட்டோ வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை. மத்தியானம் என்று சொன்ன ரூஹி, சொன்ன நேரத்துக்கு வந்தால் அலங்காரம்தான் தெரியும் என்று, இரண்டு நாத்தனார்களோடு காலையிலேயே வந்துவிட்டார். ஜெரினா டீ வைக்க ஓடினாள். அத்தா உள்ளே சோப்பு பார்த்துகினு இருக்காரு என்று நவ்ரீன் சொன்னதுதான் தாமதம், ரூஹி கதவைத் திறந்தார்.

சம்பந்தி, வெள்ளைச் சட்டையில், கண்ணை மூடிக்கொண்டு, நீட்டின நாக்கில் கல்யாணச் சோப்போடு நின்றுகொண்டிருந்தார்.

அறையில் ஏ.சி.யைத் தவிர எதுவும் மூச்சு விடவில்லை. நாத்தனார்களில் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மஜீது பாய் கண்ணைத் திறந்தார். நாக்கு உள்ளே போக மறந்தது.

"இதுதான் எங்க ஜனத்துக்கா?" என்றார் ரூஹி. "நக்கிப் பாத்த சோப்பு?"

மஜீது பாய் வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து கப்பலும் வரவில்லை, கடலும் வரவில்லை. ஒரு சின்ன நுரைக் குமிழி வந்தது. நவ்ரீன் தரையைப் பார்த்தாள். கல்யாணமே அந்தக் குமிழிக்குள் நின்றுகொண்டிருந்தது போல இருந்தது அவளுக்கு.

ஜெரினா டீத் தட்டோடு வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். தட்டை நவ்ரீன் கையில் கொடுத்தாள். நேராக அடுக்குக்குப் போய், அவர் இன்னும் பார்க்காத வரிசையின் ஓரத்திலிருந்து ஒரு சோப்பை எடுத்தாள். எல்லோரும் பார்க்க நாக்கில் வைத்தாள். அவளும் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள்.

"எரியல. இந்த வரிசை போலாம்" என்றாள் புருஷனிடம், வருஷக்கணக்காகச் சேர்ந்து இதே தொழில் பண்ணுகிறவள் மாதிரி. அப்புறம் ரூஹியிடம் திரும்பினாள். "ஓரத்துல கீறதெல்லாம் பரீட்சைக்கு, அக்கா. அது எங்க வூட்டுக்கு. உள்ள கீறதுல எவனும் கை வக்கல. காரம் நின்னுச்சுன்னா கை எரியும். அத நாக்குதான் சொல்லும். விருந்தாளி கைக்கு முன்னாடி எங்க நாக்கு போவட்டும்னுதான்."

ரூஹி அடுக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குச்சிகளைப் பார்த்தார், நடுவில் விட்டிருந்த சந்துகளைப் பார்த்தார், மேலே ஏ.சி.யைப் பார்த்தார். திறந்த கதவு வழியே கூடத்தில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். ஒரு சோப்பை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். 'டக்' என்றது. அந்தச் சத்தம் அவர் முகத்தில் எதையோ அசைத்தது.

பிறகு வண்ணாரப்பேட்டையில் டீயைக் கொதிக்கவிடாமல் நிறுத்தக்கூடிய அந்த அம்மாள், முந்தானையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, நாக்கை நீட்டினார்.

ரூஹியின் புருவம் மேலே போனது, கீழே வந்தது.

"கசக்குது" என்றார்.

"கசக்கணும், சம்பந்திம்மா" என்றார் மஜீது பாய். குரல் திரும்பி வந்துவிட்டது. "சோப்பு இனிச்சாத்தான் தப்பு. சுரீர்ங்குதா?"

"இல்ல. கடைச்சோப்பு கொஞ்சம் காரமா இருக்கும். இது அதுகூட இல்ல." அவர் இன்னொரு வரிசைக்குப் போய் ஓரத்துச் சோப்பை எடுத்தார். அதையும் வைத்துப் பார்த்தார். நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்று நீட்டினார். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் அவர்களும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குளுகுளு அறையில் நல்ல நாளும் அதுவுமாய்ப் பட்டுப் புடவை கட்டின மூன்று பெண்கள் குல்ஃபி சாப்பிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நவ்ரீன் டீத் தட்டு ஆடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராயபுரம் தோன்றிய நாள் முதல் இப்படி ஒரு சம்பந்தி விருந்து நடந்ததில்லை என்பது மஜீது பாயின் கணிப்பு. இந்த ஒரு விஷயத்தில் அவர் ஒரு இழைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஜெரினா போனை எடுத்து டப்பாக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சோப்புகளைச் சுற்றக் காகிதப் பட்டைகளை எடுத்து வை, இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும், மூச்சு வேணும் என்று நவ்ரீனிடம் சொன்னாள்.

மஜீது பாயிடம் மூச்சு நிறைய இருந்தது. இந்தச் சோப்பு ஒன்று போதும், ஒரு தலைமுறைக்கு வரும், பேரப்பிள்ளை குளித்தாலும் தேயாது என்று ஆரம்பித்தார். ரூஹி கையைக் காட்டி நிறுத்தினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, புடவைக் கொசுவத்தைச் சொருகி, அடுக்கின் அடித்தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பேச்சு அப்புறம். இந்தத் தட்டு யாரும் பாக்கல. எடுங்க."

மஜீது பாய் எடுத்தார்.